தொழிலெழுத்தும் நூற்குற்றம் பத்தும்

தமிழ் உரைநடையைப் பற்றி எழுந்துள்ள ஆராய்ச்சிகள் பல. உரையாசிரியர் உரைநடையும், சமயத்தார் உரைநடையும், நாவல் சிறுகதைகளின் உரைநடையும், செய்தித்தாள் உரைநடையும் அவற்றுள் விரிவாக ஆராயப்பெற்றுள்ளன. ஆனால் அறிவிப்பு, சுற்றறிக்கை, விண்ணப்பம், விளம்பரம் முதலாக அலுவலுக்கும் பிழைப்புக்குமென நாள்தோறும் எழுதப்பெறும் உரைநடையை நம் துறையினர் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகப் பெரிதும் கருதியதில்லை. அதற்கென ஒரு பெயரையேனும் நாம் நிலைபெறச் செய்தோம் இல்லை. இக்கட்டுரையில் அதனைத் தொழிலெழுத்து என வழங்குவோம். படித்தவரோ கேட்டவரோ ஒரு செயலைச் செய்தற்பொருட்டு எழுதப்படுவது தொழிலெழுத்து என்பது அதற்கு நாம் கொள்ளும் இலக்கணம்.

இலக்கியத்தைப் படித்தவர் இன்புற்றாரா என்பதை அளத்தல் அரிது. தொழிலெழுத்தைப் படித்தவர் சொன்னதைச் செய்தாரா என்பதை அன்று மாலைக்குள் அறியலாம். ஆதலின் அதன் குணமும் குற்றமும் ஆராய்தற்கு எளியன. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகா என விலக்கிய பத்துக் குற்றங்களே இவ்வகை எழுத்தைத் திருத்துதற்கும் சிறந்த கருவியாகும் என்பதும், அவற்றோடு செவிவழிச் சோதனை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் ஈண்டு நாம் நிறுவ முயல்வன. இதற்கு நீலகிரி மாவட்டத்துத் தேவர்சோலையைக் களமாகக் கொள்கின்றோம்.

தேவர்சோலை கூடலூர் வட்டத்தில் அமைந்த பேரூராட்சி. தேயிலைத் தோட்டங்களும் காடும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் நிலப்பகுதி அது. (சோலை என்னும் சொல் நீலகிரியில் மலைமடிப்புகளில் தழைக்கும் பசுங்காட்டைக் குறிக்கும். ஆங்கில நிலைத்திணையியலாரும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர்.) கேரள, கருநாடக எல்லைகள் அணித்தாக உள்ளன. இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் கன்னடமும் வழங்குவதோடு, பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் ஆகிய பழங்குடியினரின் மொழிகளும், வயநாட்டுச் செட்டிமார் முதலியோரின் பேச்சும் வழங்குகின்றன. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாத்திரி உடன்படிக்கையின்பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரும் நீலகிரியில் குடியமர்த்தப்பெற்றனர். அவர்களுக்கு வேலை தருவதற்கெனவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆகவே இங்கு ஒட்டப்படும் ஒரு தமிழ் அறிவிப்பினைப் படிப்பவருள் தமிழ் தாய்மொழி அல்லாதார் பலர். தாய்மொழியாக உடையாருள்ளும் பிறர் படிக்கக் கேட்டே அறிபவர் உளர். எழுதுவோன் எண்ணிய வாசகர் வேறு, பலகைமுன் நிற்கும் வாசகர் வேறு. இவ்விடைவெளியால் விளையும் தீங்கினைக் காண்பதற்குத் தேவர்சோலை தக்க இடம்.

முதற்கண் எச்சரிக்கை அறிவிப்பினை எடுத்துக்கொள்வோம். கூடலூர்ப் பகுதியில் யானை தோட்டங்களுக்குள் வருதல் புதிதன்று. 2021-ஆம் ஆண்டில் டி-23 எனப் பெயரிடப்பெற்ற புலியொன்று மக்களைக் கொன்றபோது, தேவர்சோலையை அடுத்த தேவன் தோட்டப் பகுதியிலும் பின்னர் மசினகுடிப் பகுதியிலும் பல நாள் தேடுதல் நடந்தது. அக்டோபர் 15-ஆம் நாள் அது உயிருடன் பிடிபட்டது. அத்தகைய நாள்களில், எந்தப் பிரிவில் கொழுந்து எடுக்கலாம், எந்த வழியில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லலாம் என்பன உயிர்வினாக்கள். இனி, இத்தகைய அறிவிப்புகள் வழக்கமாக எழுதப்படும் நடையில் நாமே ஒன்றை அமைத்துக் காட்டுவோம்:

“பொதுமக்களுக்கு இதன்மூலம் அறிவிப்பது யாதெனில், தேவர்சோலை மற்றும் அதன் சுற்றுவட்டாரப் பகுதிகளில் வனவிலங்குகளின் நடமாட்டம் காணப்படுவதாகத் தகவல் பெறப்பட்டுள்ளதைத் தொடர்ந்து, தொழிலாளர்கள் உள்ளிட்ட அனைவரும் உரிய பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இதில் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழையும் இல்லை. நம் வகுப்பறையில் இது முழு மதிப்பெண் பெறும். எனினும் எந்த விலங்கு, எந்த இடம், எந்த நேரம், என் செய்தல் வேண்டும் என்னும் நான்கனுள் ஒன்றும் இதில் இல்லை. இது குன்றக் கூறல். ‘தகவல் பெறப்பட்டுள்ளதைத் தொடர்ந்து’ என்பது கேட்பவனுக்கு வேண்டாதது. அது மிகைபடக் கூறல். குன்றுதலும் மிகுதலும் ஒரே வாக்கியத்தில் நிகழ்தல் கூடுமோ என ஐயுறுவார்க்கு இது சான்று. ‘உரிய பாதுகாப்பு நடவடிக்கை’ என்பதோ மயங்க வைத்தல். யானை நின்றால் ஒன்று செய்தல் வேண்டும், புலி நின்றால் வேறொன்று செய்தல் வேண்டும்.

இக்குற்றங்களுக்கு மேலும் ஒரு குறை உண்டு. அது தமிழ்த்தொடரின் இயல்பு பற்றியது. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கும். அடைமொழிகளும் எச்சங்களும் அதற்கு முன்னர் அடுக்கிவரும். கண்ணால் படிப்பவன் மீண்டும் தொடக்கத்திற்குச் சென்று தொடர்பு காணலாம். காதால் கேட்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. வினை எதுவென அறியும்வரை அவன் சொற்கள் அனைத்தையும் நினைவில் சுமந்து நிற்றல் வேண்டும். மேற்காட்டிய வாக்கியத்தில் இருபதிற்கு மேற்பட்ட சொற்களைச் சுமந்தபின் அவன் பெறும் வினை ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது. கேட்டுக்கொள்பவர் யார் என்பதும் அதில் மறைந்து போகின்றது. செயப்பாட்டு வினை தமிழுக்குப் புறம்பானது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் செய்வோனை மறைக்க வேண்டிய இடத்தில் மட்டுமே அதனை ஆளுதல் வேண்டும். அபாய அறிவிப்பு அத்தகைய இடம் அன்று.

அதனைத் திருத்தி எழுதினால் இவ்வாறு அமையும்:

“யானை நிற்கிறது. மூன்றாம் பிரிவு, ஓடைக்கரை. இன்று காலை அந்தப் பக்கம் யாரும் கொழுந்து எடுக்கப் போக வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் மேல்சாலை வழியாகப் போகவும். யானையைப் பார்த்தால் வனக்காவலரிடம் உடனே சொல்லவும்.”

முதற்சொல்லே விலங்கின் பெயர். அடுத்து இடம், பின்னர்ச் செயல். இரண்டாவது தொடருக்கு வினையே இல்லை; பெயர்ப்பயனிலையும் அன்று; வெறும் இடப்பெயர் என இலக்கணம் வல்லார் குறை கூறலாம். காலை மஸ்டர் எடுக்கும் இடத்தில் மேற்பார்வையாளர் இதனை உரத்துப் படிக்குங்கால் அக்குறையை எவரும் உணரார். ‘போக வேண்டாம்’ என்பதைப் பற்றியும் ஒரு சொல். ‘வேண்டா’ என்பதே செவ்விய வடிவம் என்பதை அறிவோம். மலையாளத்தில் வழங்கும் ‘வேண்ட’ என்பது அச்செவ்விய வடிவிற்கே அணித்தாக உள்ளது என்பது சுவையான செய்தி. எனினும் தமிழ்த் தொழிலாளர்க்குப் பழகியது ‘வேண்டாம்’. மலையாளம் பேசுவோர்க்கும் அது விளங்கும். ‘செல்லற்க’ என எழுதினால் இருசாராரும் மேற்பார்வையாளர் முகத்தையே நோக்குவர். மற்று, ‘அறிவிப்பது யாதெனில்’ என்னும் பழந்தொடக்கத்தை முழுதும் பழித்தல் தகாது. பறையறைந்து சொல்லிய காலத்தில் அது கூட்டத்தின் பேச்சை அடக்கிச் செவியைத் திருப்புதற்கு உதவிற்று. பலகையில் எழுதுங்கால் அப்பயன் அதற்கு இல்லை, அவ்வளவே.

செவிவழிச் சோதனை நாம் புதிதாகப் படைத்தது அன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு குடவோலைத் தேர்தல் முறையைக் கூறுகின்றன. குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை மத்தியத்தன் விரல்கள் ஐந்தும் விரிய உள்ளங்கையில் வாங்கிப் படித்தல் வேண்டும் என்றும், பின்னர் அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதனைப் படித்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. எழுத்து மெய்யாதற்குப் பலர் வாயும் செவியும் அங்குத் துணையாயின. நம் பொருளுக்கு அதனினும் இன்றியமையாதது, அக்கல்வெட்டுகள் இரண்டாக இருத்தல். 919-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளை 921-ஆம் ஆண்டில் சபையார் திருத்தி விரித்தனர். தகுதிக்குரிய அகவை முதலாவதில் முப்பதிற்கும் அறுபதிற்கும் இடைப்பட்டது. இரண்டாவதில் முப்பத்தைந்திற்கும் எழுபதிற்கும் இடைப்பட்டது. கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் சுற்றத்தாரையும் விலக்கும் பகுதி உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றது. ‘உறவினர்’ என ஒரு சொல்லால் முடித்திருந்தால் எவரெவர் உறவினர் என்னும் வழக்கு எழுந்திருக்கும் அன்றோ? இங்கு நீளுதல் மிகைபடக் கூறல் ஆகாது, விளங்க வைத்தலாகும். சுருக்கமே தொழிலெழுத்தின் அழகு என இக்காலத்தார் பலர் கூறுவதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. சோழர் அலுவலகத்தில் அரசன் வாய்மொழியைத் திருமந்திர ஓலை எழுத, ஓலைநாயகம் ஒப்பிட்டுப் பார்த்தல் மரபாக இருந்தது. எழுதியவனே திருத்தமும் பார்த்தல் கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அடுத்தது விண்ணப்பம். கூடலூர் வட்டத்தில் இது நிலத்தோடு பிணைந்தது. ஆகலின் இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

இப்பகுதி நிலங்களிற் பெரும்பகுதி நிலம்பூர்க் கோவிலகத்தாரின் ஜன்ம உரிமைக்கு உட்பட்டிருந்தது. அவ்வுரிமையை ஒழித்து இரயத்துவாரி முறைக்கு மாற்றுதற்கு 1969-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் இயற்றப்பெற்றது. காடுகளைப் பற்றிய அளவில் அது செல்லாது என உச்சநீதிமன்றம் 1972-இல் கூறிற்று. 1974-இல் அரசியலமைப்பின் 34-ஆவது திருத்தத்தால் அச்சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 27-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சேர்க்கை பற்றிய வழக்கே, 2007 சனவரி 11-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வழங்கிய புகழ்பெற்ற கோயல்கோ தீர்ப்புக்கு வழிவகுத்தது. இந்திய அரசியலமைப்பைப் பயில்வோர் எல்லாரும் அத்தீர்ப்பைப் படிக்கின்றனர். அது கூடலூர் மலைநிலத்திலிருந்து எழுந்தது என்பதை நினைப்பவர் சிலரே.

இச்சட்டத்தில் பட்டா பெறுதற்குரிய அடிப்படை ஒரு நாளைப் பற்றி நிற்கின்றது. 1969 சூன் முதல் நாளுக்கு முன்னர்த் தொடர்ந்து மூன்று வேளாண்மை ஆண்டுகள் தம் சொந்தப் பயிர்ச்செய்கையில் நிலம் இருந்தது என்பதை மெய்ப்பித்தல் வேண்டும். தோட்டக் குத்தகை நிலங்கள் 17-ஆம் பிரிவின்கீழ் வருவன. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்பது இன்று கூடலூரில் எழுதப் படிக்கத் தெரியாதாரும் அறிந்த சொல். இப்பின்னணியில் ஒருவர், ‘ஏழை எளியோராகிய நாங்கள் பல்லாண்டுகளாக மேற்படி நிலத்தை எங்கள் உயிரினும் மேலாகக் கருதிப் பாதுகாத்து வருகின்றோம், எங்கள் வாழ்வாதாரம் இதுவேயாகும், கருணைகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறோம்’ என எழுதுவதாகக் கொள்வோம். இதிலுள்ள துயரம் பொய்யன்று. ஆனால் ‘பல்லாண்டு’ என்பது சட்டத்தின் முன் ஆண்டே அன்று. ‘பாதுகாத்து’ என்பது பயிர் செய்ததைக் குறிக்குமா, வேலி இட்டதைக் குறிக்குமா? ‘ஆவன செய்ய’ என்பது பட்டாவா, அளவையா, வெளியேற்றத்தை நிறுத்துதலா? அலுவலர் தமக்கு எளிதாவதை ‘ஆவன’ எனக் கொள்வர். குன்றக் கூறல், மயங்க வைத்தல், நின்று பயனின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த தொடர் இது.

வேண்டுவன யாவை? அளவை எண், பரப்பு, நான்கெல்லை, எந்த ஆண்டிலிருந்து எந்தப் பயிர், அதற்குச் சான்று, கேட்கும் ஆணை யாது என்பது. இவ்வாறில் நான்கெல்லை கூறும் மரபு நம் செப்பேடுகளில் நன்கு அமைந்துள்ளது. கீழ்பாற்கெல்லை தொடங்கி ஓடை, பாறை, மரம், புற்று என ஒவ்வோர் அடையாளமாகச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடியும் அவ்வெழுத்தை வரைபடம் இன்றியே பின்பற்றலாம். கொடையளித்த ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்தி வரையறுத்ததையும் அவை கூறுகின்றன. (தேவர்சோலையில் யானைகள் எவர் எல்லையையும் பாராது நடக்கின்றன என்பது வேறு.) கல்வெட்டியல் தாள் எழுதித் தேறிய முதுகலை மாணவர் ஒருவர், தம் ஊரார் கேட்கும்போது நான்கெல்லையுடன் ஒரு விண்ணப்பம் எழுதித் தர இயலாமல் நின்றால் அக்குறை நம் பாடத்திட்டத்தைச் சாரும்.

பழங்குடியினர்க்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னர் அவர்கள் அந்நிலத்தில் இருந்தனர் என்பது காட்டப்படுதல் வேண்டும். ஆவணம் இல்லாதார் என் செய்வர்? அச்சட்டத்தின் விதிகள் முதியோர் கூற்றினை எழுத்திற் பதிந்தால் அதனையும் சான்றாகக் கொள்கின்றன. கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் முதலிய பழைய அடையாளங்களையும் கொள்கின்றன. வாய்மொழியை எழுத்தாக்குதல் நாட்டார் வழக்காற்றியல் கற்ற நம் மாணவர்க்குக் கைவந்த கலை. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். முதியவர் ஒருவர், ‘என் அப்பனை அந்தப் பலாமரத்தடியில் புதைத்தோம்; அப்போது இந்தச் சாலை இல்லை’ என்று கூறினால், எழுதுவோர் அதனை ‘எம் முன்னோர் தொன்றுதொட்டு இவ்விடத்தில் வாழ்ந்து வந்துள்ளனர்’ என அழகுபடுத்தி விடுகின்றனர். பலாமரமும் சாலையும் நீங்கின. அவற்றோடு சான்றும் நீங்கிற்று. எஞ்சியது வெற்றெனத் தொடுத்தல். சாலை இட்ட ஆண்டைப் பொதுப்பணிப் பதிவில் காணலாம். ‘தொன்றுதொட்டு’ என்பதை எப்பதிவிற் காண்பது? முதியவர் பணிய மொழியிற் பேசினால், இடப்பெயரையும் மரப்பெயரையும் உறவுப்பெயரையும் அவர் சொன்னவாறே எழுதி, அருகில் தமிழில் விளக்குதல் நன்று.

கலைச்சொற்களைப் பற்றி ஈண்டுக் கூறிவிடுதல் பொருந்தும். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின்னர், கீ. இராமலிங்கனார் போன்றோர் உழைப்பால் கோப்பு, சுற்றறிக்கை, குறிப்பாணை முதலிய சொற்கள் அலுவலகத்தில் வேரூன்றின. அவற்றைப் போற்றி ஆளுதல் வேண்டும். ஆனால் பட்டா, ஜன்மம், ஜமாபந்தி என்னும் சொற்களை விண்ணப்பத்தில் மாற்றி எழுதுதல் தகாது. அவை உரிமையின் பெயர்கள். ‘நில உடைமைச் சான்று’ என எழுதினால் அது பட்டாவா, கிரயப் பத்திரமா, அடங்கல் நகலா என்னும் ஐயம் தோன்றும். தனித்தமிழ்ப் பற்றுடைய நமக்கு இது சற்றுக் கசப்பானதே. எனினும் பிறர் நிலத்தை வைத்து நம் கொள்கையை நிலைநாட்டுதல் முறையாகாது.

விளம்பர எழுத்தினைச் சுருங்க நோக்குவோம். தேயிலை விளம்பரத்திற்கு இந்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1903-இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் இயற்றப்பெற்று, அத்தொகையால் விளம்பரம் நடந்தது. 1930-களிலும் அதன் பின்னரும், தேநீர் போடும் முறையைப் படத்துடன் விளக்கும் எனாமல் பலகைகள் இந்திய மொழிகள் பலவற்றில் எழுதப்பெற்று இருப்புப்பாதை நிலையங்களில் தொங்கவிடப்பெற்றன. அவற்றின் நோக்கம் வாணிகம்; ஆனால் எழுத்துமுறை கற்கத்தக்கது. நீரைக் கொதிக்கவைத்தல், கலத்தைச் சூடாக்குதல், இலையை அளந்திடுதல் என ஒரு படத்திற்கு ஒரு செயல், புகழுரை குறைவு. மக்களோ அம்முறையை ஒருபுறம் வைத்து, பாலும் சருக்கரையும் இலையும் ஒன்றாகக் கொதிக்கவைத்துத் தம் தேநீரைத் தாமே கண்டுகொண்டனர். சொன்னவாறு செய்யவில்லை, ஆயினும் தேயிலை விற்றது. நாம் முதலில் வகுத்த இலக்கணத்தை இது சற்று அசைக்கின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

இன்று சிறு விவசாயிகளும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் தம் தேயிலையைப் பொட்டலமிட்டு விற்க முயலுங்கால், உறையின்மேல் ‘உயர்தரம்’, ‘முதல்தரம்’, ‘தனிச்சுவை’ என எழுதுகின்றனர். எல்லா உறையிலும் இருப்பதால் இச்சொற்கள் எவ்வுறையையும் வேறுபடுத்தா. சிலர் ‘ஊட்டி மலையுச்சியில் விளைந்தது’ என எழுத விழைவர். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தது. கூடலூர் வட்டாரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். உயரம் வேறாயின் தேயிலையின் இயல்பும் வேறாகும். ஆதலின் அது மாறுகொளக் கூறல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய்விளம்பரத்தைத் தண்டிக்கவும் செய்கின்றது. அதனினும், ‘கூடலூர்த் தூள் தேயிலை. நிறம் அடர்த்தி. பாலில் கொதிக்கவைத்தாலும் சுவை தங்கும்’ என உண்மையாயின் எழுதலாம். குன்னூரில் 1963 முதல் நடைபெறும் ஏலத்தில் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவோர் நிறம், திடம், மணம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தே பேசுகின்றனர். விளம்பரம் எழுதுவோர் முதலில் அவர்பால் சென்று சொற்கற்றல் நலம்.

இறுதியாக, முதுகலை வகுப்பில் நடத்தத்தக்க பயிற்சிகளைக் குறிப்போம். முதலாவது, பத்துக் குற்றங்களின் பெயரை ஓரத்தில் எழுதிக்கொண்டு, தெருவிற் கண்ட அறிவிப்பு ஒன்றை வரிதோறும் அவற்றால் அளத்தல். கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும் மிகுதியாக அகப்படும். தொல்காப்பிய மரபியலிலும் இக்குற்றங்கள் எண்ணப்பெறுகின்றன. ஆதலின் இலக்கண வகுப்பையே இதற்குப் பயன்படுத்தலாம். புதிய தாள் வேண்டியதில்லை. இரண்டாவது, தாம் எழுதிய விண்ணப்பத்தைப் பிறிதொரு மாணவரிடம் தந்து, ‘இதில் கேட்கப்படுவது யாது?’ என ஒரு வரியில் எழுதச் செய்தல். மூன்றாவது செவிவழிச் சோதனை. எழுதியவர் படித்தல் கூடாது. தம் குரலால் அவர் குறையை மறைத்துவிடுவார். வேறொருவர் அவ்வறிவிப்பை ஒருமுறை மட்டும் உரத்துப் படித்தல் வேண்டும். கேட்போர் மூவருள் ஒருவரேனும் தமிழ் தாய்மொழி அல்லாதவராக இருத்தல் நன்று. அவர்களைத் தனித்தனியே, ‘நாளைக் காலை நீவிர் என் செய்வீர்? எவ்வழியே செல்வீர்?’ என வினவுதல் வேண்டும். மூன்று விடையும் ஒன்றாக வரும்வரை அறிவிப்பை மீண்டும் எழுதுக. ஒட்டுங்கால் நாளும் மணியும் குறித்து, பழைய தாளைக் கிழித்துவிடுக. நேற்று யானை நின்ற ஓடைக்கரையும் இன்று அது நிற்கும் மேல்சாலையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருத்தலாகாது.